பத்து மணிப் பூவும் கொரியன் புல்லும்

"தண்ணி கம்மி, நேரம் கம்மி, வெயில் மட்டும் ஜாஸ்தி. என்ன பூச்செடி வைக்கலாம்?"

கடந்த சில வருஷமா என்கிட்ட அதிகமா கேட்கப்பட்ட கேள்வி இதுதான். (கேட்டவங்க மொத்தம் ஆறு பேர். அதுல ரெண்டு பேர் சொந்தக்காரங்க. இருந்தாலும் அதிகமா கேட்கப்பட்ட கேள்விதானே :-)) ஆறு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பத்து மணிப் பூ வைங்க.

சொன்னதும் ஒரு முகபாவம் வரும் பாருங்க. "அதுவா?" என்பார்கள். அந்த "அதுவா"வைப் பற்றித்தான் இந்தப் பதிவு. செடி வளர்க்கிற முறையும் நடுவுல வரும். ஆனா நான் சண்டை போட வந்திருப்பது அந்த "அதுவா"வோடுதான்.

முதல்ல எந்தச் செடின்னு தெளிவா சொல்லிடறேன். சில ஊர்ல டேபிள் ரோஸ், சில ஊர்ல பத்து மணிப் பூ. குண்டூசி மாதிரி சதைப்பற்றான உருண்டை இலை, தரையோட படர்ற சிவந்த தண்டு, நுனியில சின்ன ரோஜா மாதிரி பூ. ராணி கலர், மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு, ரெண்டு கலர் கலந்ததுன்னு வகை வகையா உண்டு. தாவரவியல் பெயர் போர்ச்சுலாக்கா கிராண்டிஃப்ளோரா. இப்ப நர்சரிகள்ல தட்டை இலை வச்ச இன்னொரு ஜாதியையும் இதே பேர்ல விக்கிறாங்க. அது பக்கத்து இனம். வளர்ப்பு முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரேசிலின் தென்பகுதி, உருகுவே, அர்ஜென்டினா. 1829-ல் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் இதுக்கு இந்த அறிவியல் பெயரை வைத்தார். அங்கிருந்து உலகம் பூரா போயிடுச்சு. போன இடமெல்லாம் ஜனங்க இதைப் பார்த்துக் கடிகாரத்தைத்தான் நினைச்சிருக்காங்க. மலையாளத்தில் பத்துமணிப்பூ. வியட்நாம்காரர்கள் மொழியிலும் பத்து மணிப் பூ என்றே அர்த்தம் வரும் பேர். இந்தியில் நௌ பஜியா, அதாவது ஒன்பது மணிக்காரி. உருதில் நடுப்பகல் பூ. வங்காளத்தில் நேராவே 'டைம் ஃபுல்'. இங்கிலீஷ்காரர்கள் வைத்த பேர்களில் ஒண்ணு 'லெவன் ஓ க்ளாக்'. ஆக, ஒன்பதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நம்ம அரசு ஆபீஸ்கள் மாதிரி :-)

இந்தப் பூ உண்மையிலேயே கடிகாரம் பார்த்துத் திறக்கிறதில்லை. வெயிலைப் பார்த்துத் திறக்குது. மேகமூட்டமா இருந்தா அரைகுறையாத் திறக்கும், இல்லேன்னா திறக்கவே திறக்காது. மதியம் ரெண்டு மூணு மணிக்கு மேல மூடிக்கும். ஒரு பூவுக்கு ஆயுசு ஒரே நாள். மறுநாள் வேற மொட்டு.

சரி, இது ஏன் நம்ம ஊருக்கான செடின்னு சொல்றேன்?

சாதாரணச் செடிகள் பகல்ல இலையோட துளைகளைத் திறந்து காத்தை உள்ளே இழுக்கும். அப்படித் திறக்கும்போதே தண்ணியும் ஆவியாகி வெளியே போயிடும். சித்திரை வெயில்ல இது பெரிய நஷ்டம். கள்ளி மாதிரி பல சதைப்பற்றுச் செடிகள் ராத்திரியில துளையைத் திறந்து காத்தைச் சேமிச்சு வச்சுக்கிட்டு, பகல்ல மூடிட்டு சமையல் பண்ணும். கரும்பு, சோளம் மாதிரி பயிர்கள் வேற ஒரு வழியில, வெயில்ல வேகமா, கொஞ்சம் தண்ணியிலேயே சமையலை முடிக்கும். போர்ச்சுலாக்கா குடும்பத்துல இந்த ரெண்டு வித்தையும் இருக்கு. அதுதான் அதிசயம். தண்ணி இருக்கும்போது சோளம் மாதிரி வேகமா வளரும். காஞ்சு போனா கள்ளி மாதிரி வாயை மூடிக்கும். 2022-ல் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதோட சகோதரியான பருப்புக்கீரையை ஆராய்ஞ்சு, ரெண்டு வேலையும் ஒரே இலையின் ஒரே செல்களுக்குள்ளேயே நடக்குதுன்னு காட்டினாங்க. ஆமாங்க, நாம கடைஞ்சு சாப்பிடுற அதே பருப்புக்கீரைதான். (அதுக்காக டேபிள் ரோஸைக் கடைஞ்சுடாதீங்க. பூவுக்காக வளர்த்த செடியில நர்சரிக்காரர் என்ன மருந்து அடிச்சாரோ, யாருக்குத் தெரியும்.)

நிறத்திலும் ஒரு விசேஷம் இருக்கு. செம்பருத்தி, ரோஜா சிவப்பெல்லாம் ஒரு வகைச் சாயம். டேபிள் ரோஸோட ராணி கலர் வேற வகை, பீட்ரூட் சாயத்தோட குடும்பம். காகிதப்பூ, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை எல்லாமே அந்தக் கோஷ்டிதான். அந்திமந்தாரை சாயங்கால ஷிஃப்ட், இது காலை ஷிஃப்ட். ரெண்டையும் பக்கத்துல வச்சா நாள் பூரா டியூட்டிக்கு ஆள் இருக்கும்.

இன்னொண்ணு, இதைக் குழந்தைங்களுக்குக் காட்டுங்க. நல்லா விரிஞ்ச ஒற்றை அடுக்குப் பூ ஒண்ணை எடுத்து, நடுவுல இருக்கிற மகரந்தக் காம்புகளை ஒரு ஈர்க்குச்சியால லேசாத் தொடச் சொல்லுங்க. தொட்ட பக்கமா எல்லாக் காம்பும் மெதுவா சாயும். பூச்சி வந்து உக்காந்தா மேல மகரந்தத்தை அப்பிவிடுற ஏற்பாடு. என் மாடிக்குக் காலை பத்தரைக்கு மேல வர்ற கொசுத்தேனீக்கள் கால் பூரா மஞ்சள் மூட்டையோடதான் கிளம்பும்.

இப்ப சண்டைக்கு வருவோம்.

எங்க அடுக்ககத்துல முன்பக்கம் சுமார் 1000 சதுர அடிக்குக் கொரியன் புல் போட்டிருக்கு. அதுல ஒரு போர்டு: "புல்தரையில் நடக்காதீர்கள்". நம்ம கோடையில புல்லு பச்சையா நிக்கணும்னா ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணி வேணும். 1000 சதுர அடின்னா 93 சதுர மீட்டர். ஆக, நாளைக்கு 465 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துல ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு மத்திய அரசு வழிகாட்டு அளவு வச்சிருக்கு. அந்தக் கணக்குப்படி அந்தப் புல்லு மூணு பேர் தண்ணியைக் குடிச்சுட்டு இன்னும் கொஞ்சம் கேக்குது. மாசக் கணக்குல 12,000 லிட்டர் லாரி ஒண்ணுக்கும் மேல. யாரும் நடக்கக் கூடாத ஒரு தரைக்கு!

2019 கோடை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வத்திப் போச்சு. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் தண்ணியைத் தூக்கிட்டு வில்லிவாக்கம் வந்தது. அந்த நாட்கள்ல எங்க கட்டடத்துல காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்னு தண்ணிக்கு முறை. ஆனா புல்லுக்கு ஹோஸ் பைப் ஜூன் கடைசி வரைக்கும் ஓடிச்சு. அப்புறம் நிறுத்தினாங்க. சீக்கிரமே தேங்காய் நார் கலருக்கு வந்துடுச்சு. மழை வந்ததும் புதுப் புல் வாங்கிப் பதிச்சாங்க. செலவு எல்லார் மெயிண்டனன்ஸ் பணத்துலேருந்தும்தான்.

அதே கோடையில என் மாடியில இருந்த டேபிள் ரோஸ் தட்டுகளுக்கு ரெண்டு வாரம் சுத்தமா தண்ணி இல்லை. இலையெல்லாம் சுருங்கி, பாதி உதிர்ந்து, தண்டு நூல் மாதிரி ஆயிடுச்சு. பார்க்கச் சகிக்கலை. அப்புறம் அரிசி கழுவின தண்ணியை நாலு நாள் ஊத்தினேன். பாதிக்கு மேல திரும்ப எழுந்து வந்துச்சு. புதுசா எதுவும் வாங்கலை. பிழைச்சதைக் கிள்ளி, போனதோட இடத்துல நட்டேன். அவ்வளவுதான்.

கணக்கும் சொல்லிடறேன், இல்லேன்னா சும்மா பேசுறான்னு நினைப்பீங்க. என்கிட்ட ரெண்டடிக்கு ஒரு அடி அளவுல பத்துத் தட்டு இருக்கு. மொத்தம் 20 சதுர அடி. வாரத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு ஒரு 12 லிட்டர் பக்கெட். ஆக 24 லிட்டர். அதே 20 சதுர அடி கொரியன் புல்லா இருந்தா, மேல சொன்ன கணக்குப்படி வாரத்துக்குச் சுமார் 65 லிட்டர். இதுல இன்னொரு விஷயம், என்னோட 24 லிட்டரும் அரிசி, காய் கழுவின தண்ணிதான். குழாயைத் திறக்கிறதே இல்லை.

இதையெல்லாம் பேப்பர்ல எழுதி, எங்க அடுக்ககப் பொதுக்குழுவுல சொன்னேன். குழந்தைங்க விளையாடற பின்பக்கப் புல்லு அப்படியே இருக்கட்டும், யாரும் நடக்காத முன்பக்கத்துல மட்டும் டேபிள் ரோஸ் போடலாம்னு. எல்லாரும் பொறுமையாத்தான் கேட்டாங்க. கடைசியில ஒரு பெரியவர் எழுந்து சொன்னார்: "தம்பி, கணக்கெல்லாம் சரி. ஆனா அது குடிசை வீட்டு வாசல்ல பெயிண்ட் டப்பாவுல வைக்கிற பூ. கேட்டைத் திறந்ததும் அது இருந்தா நம்ம ஃப்ளாட்டோட மதிப்பு என்ன ஆகும்?"

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. தீர்மானம் அத்தோட காலி.

நான் அவர் மேல கோபப்படலை. ஒரு விதத்துல நன்றி சொல்லணும், ஏன்னா மத்தவங்க "அதுவா?"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தினதை அவர் முழுசாச் சொல்லிட்டார். செடியில குறை ஒண்ணுமில்லை. அதை யார் வளர்க்கிறாங்க என்பதுதான் அவருக்குக் குறை.

அவர் சொன்னது வாஸ்தவம். இந்தச் செடி பெயிண்ட் டப்பாவுலதான் இருக்கு. ஓட்டை பக்கெட்டுல, பாதியா அறுத்த எண்ணெய் கேன்ல, காம்பவுண்டு சுவர் மேல இருக்கிற உடைஞ்ச தொட்டியில. என்னோட முதல் செடியே எங்க தெருமுனையில இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அக்கா கொடுத்ததுதான். வண்டிக்குப் பின்னாடி சுவத்துல அஞ்சு எண்ணெய் கேனை வரிசையாக் கட்டி, அஞ்சு கலர்ல வச்சிருந்தாங்க. துணி வாங்கப் போனப்ப நின்னு பார்த்துட்டிருந்தேன்.

"வேணுமா சார்?"

"வேரோட எடுத்தா உங்க செடி போயிடுமேக்கா."

"வேரு எதுக்கு? கிள்ளிட்டுப் போங்க. கிள்ளக் கிள்ளத்தான் அது நல்லாப் பூக்கும். கொடுக்காம வச்சிருந்தா நீளமாப் போயி நடுவுல மொட்டையாயிடும்."

அவங்க சொன்னதுல ஒரு வார்த்தை கூட மிகையில்லை. நுனியைக் கிள்ளினா பக்கத்துல ரெண்டு மூணு கிளை வரும். இந்தச் செடியில பூ வர்றது கிளை நுனியில. அதனால கிளை கூடக் கூடப் பூவும் கூடும். யாருக்கும் கொடுக்காத செடி கிழடாகி, தண்டு மட்டும் மிஞ்சும். கொடுத்தா கொடுத்தவங்களுக்கும் லாபம், வாங்கினவங்களுக்கும் லாபம். வாங்கினவர் கையில செடி செத்துப் போனா, கொடுத்தவர்கிட்டயே போய்த் திரும்பக் கிள்ளிக்கலாம். கடையில இல்லாத வாரண்டி இது.

அடேனியம் மாதிரி அழகான சதைப்பற்றுச் செடிகளும் இருக்கு, மறுக்கலை. ஆனா ஒட்டுக்கட்டின அடேனியம் ஒண்ணு வாங்கற காசுல ஒரு குடும்பத்துக்குக் காய்கறி வாங்கலாம். அதோட பால் விஷம் வேற. சின்னப் பசங்க இருக்கிற வீட்டுல ஜாக்கிரதை. டேபிள் ரோஸுக்கு நான் இதுவரைக்கும் ஒத்தை ரூபாய் கொடுத்ததில்லை.

இனி குறைகளையும் சொல்லணும். இல்லேன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும்.

வாசனை கிடையாது. தொடுக்க முடியாது, பறிச்ச கொஞ்ச நேரத்துல சுருண்டுடும். "சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது" என்று எங்க அம்மா சொல்லுவாங்க. மேல நடந்தா நசுங்கிடும். அதனாலதான் விளையாட்டு இடத்துக்கு நான் இதைச் சிபாரிசு பண்ணலை. ஆபீஸ் போறவங்க வார நாள்ல பூ திறந்திருக்கிறதையே பார்க்க முடியாது. அவங்க கிளம்பறப்ப தூங்கும், திரும்பறப்பவும் தூங்கும். ஞாயித்துக்கிழமைதான் தரிசனம்.

எல்லாத்தையும் விடப் பெரிய குறை மழை. சென்னையில வருஷத்துக்குச் சராசரியா 1400 மில்லிமீட்டர் பெய்யுதுன்னா, அதுல பாதிக்கு மேல அக்டோபர்லேருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். வெயில்ல சாகாத செடி அந்த மூணு மாசத்துல தண்டு அழுகிச் செத்துடும். "ஈஸியா வளரும்னு சொன்னாங்க, கார்த்திகையில போயிடுச்சு" என்று புலம்பறவங்க எல்லாரும் இங்கதான் மாட்டறாங்க. இதுக்கு வழி இருக்கு, கீழே சொல்றேன்.

வளர்க்கிற முறை, சுருக்கமா:

1. நாலு விரல் நீளத்துக்கு நுனியைக் கிள்ளுங்க. அடியில ஒரு அங்குலத்துக்கு இலையை உருவிடுங்க. செம்மண், மணல், மக்கின உரம் மூணும் சமமாக் கலந்த மண்ணுல சொருகுங்க. எம்-சாண்ட் போட்டா, அதுல இருக்கிற மாவுத் தூளைக் கழுவிட்டுப் போடுங்க. இல்லேன்னா மண்ணு சிமெண்ட் மாதிரி இறுகிடும்.

2. ஆழமான தொட்டி வேண்டாம். ஆறு அங்குல ஆழம் தாராளம். ஆனா அடியில ஓட்டை கட்டாயம் வேணும்.

3. ஒரு வாரம், பத்து நாள்ல வேர் பிடிக்கும். அது வரைக்கும் லேசான ஈரம் போதும். அப்புறம் நேர் வெயிலுக்குக் கொண்டு போங்க. தினம் ஆறு மணி நேர வெயில் இல்லாத பால்கனியா? இந்தச் செடி வேண்டாம், பூக்காது.

4. விரலை மண்ணுல விட்டுப் பாருங்க. ரெண்டு கணு ஆழத்துக்குக் காஞ்சிருந்தா தண்ணி. ஈரம் இருந்தா அன்னைக்கு லீவு.

5. யூரியா மாதிரி தழைச்சத்து வேண்டாம். இலை கொழுக்கும், பூ குறையும். ரெண்டு மாசத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

6. மாவுப்பூச்சி வந்தா, ஒரு லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க. வெயில்ல அடிச்சா இலை பொசுங்கும்.

7. மழைக்கு: புரட்டாசி முடியறதுக்குள்ள ஒவ்வொரு கலர்லயும் நாலஞ்சு நுனி கிள்ளி, ஒரே தட்டுல நட்டு, சன்ஷேடுக்கு அடியில மழை படாம வச்சிடுங்க. தண்ணி மிகக் குறைவாக் கொடுங்க. வெளியில இருக்கிறது போனாலும் போகட்டும். தை பிறந்ததும் அந்த ஒரு தட்டுலேருந்து பத்துத் தட்டு பண்ணிக்கலாம்.

8. ஒற்றை அடுக்கு வகையில விதை பிடிக்கும். மூடி போட்ட குட்டிச் செம்பு மாதிரி ஒரு காய், பழுத்ததும் மூடி தானாக் கழண்டு விழும். உள்ளே கசகசாவை விடப் பொடியா விதை. மண்ணுக்கு மேல தூவுங்க, புதைக்காதீங்க. முளைக்க வெளிச்சம் வேணும்.

அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர்ல ஒரு செடியோட மரியாதையை அது குடிக்கிற தண்ணியும் அதுக்கு ஆகிற செலவும்தான் தீர்மானிக்குது. தினம் ஹோஸ் பைப் பிடிக்க ஆள் வேணுமா, அப்ப அது உசந்தது. சும்மா கிடைச்சு, சும்மா வளர்ந்தா அது குடிசை வீட்டுப் பூ. தண்ணி லாரி வரலேன்னா பத்தே நாள்ல பதறிப் போற கட்டடங்கள்ல இருந்துக்கிட்டு நாம பேசுற பேச்சா இது? தண்ணியில்லாம எப்படி வாழறதுன்னு நம்மள விட அதிகமாத் தெரிஞ்சவங்க அந்தப் பெயிண்ட் டப்பா வச்சிருக்கிறவங்கதான். குடத்துல பிடிச்சு எண்ணி எண்ணிச் செலவு பண்ற வீட்டுல, மிச்சத் தண்ணியில எது பூக்கும்னு அவங்க கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. நாம அதைப் பார்த்துக் கத்துக்கணும், சிரிக்கக் கூடாது.

எங்க பொதுக்குழு அடுத்த தடவை கூடறப்ப இதே தீர்மானத்தைத் திரும்பக் கொண்டு வரப் போறேன். தோத்தாலும் பரவாயில்லை. இதுக்குள்ள எங்க கட்டடத்துலயே நாலு பால்கனிக்கு என் மாடியிலேருந்து செடி போயிருக்கு. அதுல ஒண்ணு, தீர்மானத்துக்குச் சிரிச்சவங்கள்ல ஒருத்தர் வீடு ;-)

உங்க தெருவுலயும் எங்கேயாவது ஒரு சுவர் மேல இந்தச் செடி இருக்கும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மேல அந்தப் பக்கம் போங்க, பூத்திருக்கும், கண்ணுல படும். வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு ஒரு நுனி கிள்ளிட்டு வாங்க. இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

டிஸ்கி: உங்க ஊர்ல இந்தப் பூவுக்கு என்ன பேர்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. எட்டு மணிப் பூன்னு யாராவது சொன்னா, அந்த ஊருக்கே குடி வந்துடறேன். ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பார்த்துடலாமே!